வடிவாம்பாள் அம்மாவின் செருப்பும் பதினொரு புடவைகளும்

1. கையிருப்பு பூஜ்யம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வெள்ளிமலையில் பனி மூட்டம். மழை இல்லை, காற்று இல்லை. எட்டு மணிக்குள் பனி விலகிவிடும் என்று டைரக்டரிடம் சொல்லியிருந்தேன். எட்டு இருபதுக்குத்தான் விலகியது. அந்த இருபது நிமிடமும் டைரக்டரின் கண்ணில் படாமல் ஜீப்புக்குப் பின்னால் நின்றேன். ஏனென்றால் கல்வராயன் மலையில் படம் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னவனே நான்தான். திருநாவலூரில் பிறந்து, கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக்கொண்டவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

நான் தொலைக்காட்சித் தொடர்களில் கன்டினியூட்டி பார்த்தவன். முப்பத்தொரு வருடம், நூற்றுப் பதினெட்டு நோட்டு. புதிதாக வருகிறவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே காட்சியைப் பல துண்டாக எடுப்பார்கள். முதல் துண்டில் நடிகையின் இடது கையில் ஆறு வளையல் இருந்தால், நான்கு நாள் கழித்து எடுக்கும் துண்டிலும் ஆறுதான் இருக்க வேண்டும். ஐந்தாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதை எண்ணி எழுதிவைப்பதுதான் என் சம்பளத்துக்கான வேலை.

அன்று எங்கள் தொடரின் 704-வது எபிசோடு. வியாழக்கிழமை இரவு ஏழரைக்கு ஒளிபரப்பாக வேண்டும். நல்ல கம்பெனியில் பதினைந்து எபிசோடு எடுத்துக் கையிருப்பாக வைத்திருப்பார்கள். எங்கள் கையிருப்பு பூஜ்யம். செவ்வாய் எடுத்து, புதன் எடிட் செய்து, வியாழன் போட வேண்டும்.

தொடரின் உயிர் வடிவாம்பாள் அம்மா. நான்கு மகன்கள், நான்கு மருமகள்கள், ஒன்பது பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டின் தலைவி. யாரையும் அடிக்க மாட்டாள், சாபமிட மாட்டாள், கொடுத்த வாக்கை மீற மாட்டாள். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் செண்பகவல்லி அம்மா. அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. கேமராவுக்கு வெளியே, காபியில் சர்க்கரை போட்டுவிட்டார்கள் என்று சொல்லக்கூடக் கூச்சப்படுகிற சுபாவம்.

முதல் நாள் மாலை கள்ளக்குறிச்சியில் டீ குடிக்க ஜீப்பை நிறுத்தியபோது ஒரு பெண் தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இத்த கொஞ்சம் இன்னான்னு கேளுங்க. வாரத்துக்கு நாலு நாளு குடிச்சிட்டு வர்றாரு. நான் சொன்னா ஏறல."

செண்பகவல்லி அம்மா என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். வேறு வழியின்றி அவர் வடிவாம்பாளின் குரலை எடுத்தார்.

"ஏம்பா, நாலு நாளா?"

அந்த மனிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "மூணு நாளுதாங்கம்மா."

2. வீட்டுக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை

அன்றைய காட்சி இதுதான். கோபித்துக்கொண்டு போன மூன்றாவது மருமகள் மலையில் ஒரு குடிசையில் இருக்கிறாள். அவளைக் கூட்டிவர வடிவாம்பாள் ஜீப்பில் வந்து இறங்கி, சரளைப் பாதையில் ஏறிக் குடிசைக்குப் போகிறாள். மலை ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறார்கள். பாதையின் நீளம் நூற்று நாற்பது அடி. நானே அளந்தேன்.

பத்து ஐம்பதுக்குள் குடிசையில் மருமகளை மட்டும் வைத்து ஒன்பது ஷாட் முடிந்துவிட்டது. டைரக்டருக்கு முப்பத்து நான்கு வயது, சென்னைப் பிள்ளை. சிரித்த முகத்தோடு, "ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிடுங்க" என்றார். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்றால் வெளியூரிலிருந்து வந்தவர்கள் இல்லை. வெள்ளிமலையிலும் சுற்றிலும் சாமைக் கொல்லையில் கூலி வேலை பார்க்கும் பெண்கள், முப்பத்தொரு பேர். அவர்களை அழைத்துவந்தவள் அலமேலு. ஐம்பது வயதிருக்கும். அவள் அம்மாவைத் தலையிலிருந்து கால் வரை ஆசையாகப் பார்த்தாள். காலுக்கு வந்ததும் முகம் மாறியது.

"இன்னா சார் இது? அம்மா செருப்பு போட்டுக்கினு கீறாங்க?"

டைரக்டர், "ஏன்மா, போட்டா என்ன?" என்றார்.

"மூணாவது மருமவ திரும்பி வந்து நெலப்படி மிதிக்கிற வரிக்கும் என் காலுல செருப்பு ஏறாதுன்னு சொன்னாங்களே! கார்த்தி தீபத்தன்னிக்கு, கையில அகலு வெளக்க வச்சிக்கினு."

பின்னாலிருந்து நான்கைந்து குரல் வந்தது. "ஆமா, சொன்னாங்க." "எண்ணெ கையில சிந்திச்சே, அன்னிக்கி." "நான் அயுதுட்டேன்."

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் புரட்டினேன். தீபத்தன்று போனது 618. 616 என் கையெழுத்தில் இருந்தது, 620 இருந்தது. நடுவில் மூன்று எபிசோடுக்கு என் கையெழுத்து இல்லை. அந்தக் கார்த்திகையில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மூன்று நாள் விடுப்பு. எனக்குப் பதிலாக எழுதியவர் விளக்கின் திரி, புடவையின் கரை, மூக்குத்தி எல்லாவற்றையும் எழுதியிருந்தார். சபதத்தை எழுதவில்லை.

சென்னை ஆபீசுக்குப் போன் செய்து அந்த எபிசோடைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. சபதம் செய்தது உண்மை. எண்ணெய் சிந்தியதும் உண்மை.

அதற்குப் பிறகு எண்பத்தைந்து எபிசோடு போயிருந்தது. அவ்வளவிலும் ஒருவருக்கும் ஞாபகம் வராமல் போனது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். எண்பத்தைந்து எபிசோடும் வீட்டுக்குள்ளேயே எடுத்தோம். கூடம், பூஜை அறை, சமையலறை, மாடிப்படி. வீட்டுக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. ஆகவே அந்தச் சபதம் எங்களில் யாருக்கும் ஒரு இடைஞ்சலும் செய்யாமல் அமைதியாக இருந்துவிட்டது. முதல் முறையாக அம்மாவை வெளியே கூட்டிவந்தோம், மாட்டிக்கொண்டோம்.

செண்பகவல்லி அம்மா என் பக்கம் குனிந்து, "கணக்குப்பிள்ளை, நானா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார். "ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சீன் பேசறேன். எதுன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

3. உட்கார்ந்துவிட்டார்கள்

டைரக்டர் முதலில், "இனிமே இடுப்புக்கு மேல ஃப்ரேம் வைக்கலாம், கால் தெரியாது" என்றார்.

அலமேலு அதைக் கேட்டுவிட்டாள். "அப்ப அம்மா செருப்போடதான் நடப்பாங்க, டிவியில காட்டாம மறைச்சிடுவீங்க. அதுக்கு நாங்க சாட்சியா நிக்கணுமா? போ சார்." சொல்லிவிட்டுப் பாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். மற்ற முப்பது பேரும் உட்கார்ந்தார்கள். நான் எண்ணினேன். ஒருத்திகூடப் பாக்கி இல்லை.

டைரக்டர் அடுத்து, "காலுக்கு மட்டும் டூப் போடலாம். உங்கள்ல யாராவது வெறுங்காலோட நடங்க, காலை மட்டும் எடுத்துக்கறோம்" என்றார்.

ஒருத்தி காலை நீட்டிக் காட்டினாள். "இதப் பாரு சார். இந்த பித்தவெடிப்புல பல்லி பூந்துக்கும். இது வடிவாம்பா அம்மா காலுன்னா எங்க வூட்டு நாய்கூட நம்பாது." எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அப்போ ஒரே வழி. அம்மா செருப்பைக் கழட்டிட்டு நடக்கட்டும். நூத்தி நாப்பது அடிதானே" என்றார் டைரக்டர்.

இங்கேதான் விஷயம் சிரிப்பை விட்டுப் போனது. செண்பகவல்லி அம்மாவுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சர்க்கரை. வலது குதிகாலில் வந்த ஒரு புண் ஏழு மாதம் ஆறாமல் இருந்து, ஆறி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. குளியலறையில்கூடச் செருப்பில்லாமல் போகக் கூடாது, இன்னொரு புண் வந்தால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது யூனிட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, டைரக்டருக்கு, எனக்கு.

டைரக்டரை ஓரமாக அழைத்து, "சபதத்தை விட்டுடறதா ஒரு வசனம் வைக்கலாமே" என்றேன்.

"சார், எழுநூத்தி மூணு எபிசோடா வாக்கு மாறாத கேரக்டர் அது. அதைத் தவிர அந்தக் கேரக்டர்கிட்ட வேற என்ன இருக்கு? சேனல்ல கேட்டா என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். அம்மாவுக்கு முடியலன்னா வேற ஆளைப் போடலாம்னு ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்காங்க. போட்டோவே வாங்கி வச்சிட்டாங்க."

நம் ஊர்த் தொடர் பார்க்கிற எல்லாருக்கும் அந்த அட்டை தெரியும். காட்சி நடுவில் படம் நின்று, 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து வரும். அடுத்த நொடி அதே புடவையில் வேறு முகம் பேசும். என் கணக்கில் முப்பத்தொரு வருடத்தில் நாற்பத்தாறு பேருக்கு அந்த அட்டை போட்டிருக்கிறோம். அட்டை வந்த பிறகு அந்த நாற்பத்தாறில் மறுபடி வேலைக்கு வந்தவர்கள் ஏழு பேர்.

செண்பகவல்லி அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார்.

"நடந்துடறேன், கணக்குப்பிள்ளை. ஜனங்க நம்புதுங்க."

வெயில் ஏறியிருந்தது. பாதையில் கையை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். சரளைக் கற்களில் முனை மழுங்காதவை ஒரு முழத்துக்குள் பத்தொன்பது இருந்தன. என் நோட்டில் ஒரு வரி விட்டுப்போனது. அதற்கு அந்த அம்மாள் காலைக் கொடுக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

4. தொழிலில் சொல்லக் கூடாததைச் சொன்னேன்

நடிகர்களின் உடம்பு விஷயத்தை வெளி ஆளிடம் சொல்லக் கூடாது. அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். நான் அலமேலுவிடம் போய் உட்கார்ந்தேன். உட்கார எனக்கு முழங்கால் இடம் கொடுக்காது. இருந்தும் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, அந்த அம்மாவுக்குச் சர்க்கரை. குதிகால்ல புண்ணு வந்து ஆறியிருக்கு. கல்லு குத்தினா காலே போயிடும். வெளியில தெரிஞ்சா வேலையும் போயிடும். நீங்க பிடிவாதமா இருந்தா அவங்க நடந்துடுவாங்க. அவங்க சுபாவம் அப்படி."

அலமேலு என்னை முறைத்தாள். "சக்கரையா? எங்க மாமியாருக்கு ரெண்டு வெரலு எடுத்துட்டாங்க. இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு? ஒரு மணி நேரமா எங்கள பேச வுட்டு வேடிக்க பாத்துக்கினு கீற!"

"சொல்லக் கூடாதும்மா."

"எங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவ? தினிக்கும் பாக்குறவங்க நாங்கதான?"

எழுந்து பெண்களிடம் போனாள். நான்கு தலைகள் ஒன்றாகச் சேர்ந்தன, பிறகு பத்து, பிறகு எல்லாம். சர்க்கரை என்ற சொல் என் காதில் ஒரு முறைதான் விழுந்தது. பிறகு அலமேலுவையும் சேர்த்துப் பதினொரு பேர் ஊருக்குள் ஓடினார்கள். நான்கு பேர் விளக்குமாறோடு வந்து பாதையைக் கூட்டினார்கள். மூன்று பேர் பக்கத்துக் களத்திலிருந்து சாமை வைக்கோலைக் கட்டாகக் கொண்டுவந்து பரப்பினார்கள். ஓடியவர்கள் ஆளுக்கொரு புடவையோடு திரும்பி வந்தார்கள்.

டைரக்டர், "என்ன நடக்குது?" என்று கேட்டார்.

"கரகம் தூக்கிக்கினு வர்றப்ப துணி விரிப்பாங்க இல்ல, சார்? காலு தரையில படாது" என்றாள் அலமேலு. "எங்க மலையில கீற புள்ளைய கூட்டிக்கினு போவ வந்துகீறாங்க. வெறுங்காலோட வராங்க. நாங்க சும்மா நின்னு வேடிக்க பாப்பமா?"

"இது பேப்பர்ல இல்லையேம்மா."

"பேப்பர்ல இல்லாட்டி இன்னா? எங்க ஊர்ல கீது."

டைரக்டர் பரப்பிய வைக்கோலை ஒரு முறை மிதித்துப் பார்த்தார். பிறகு இரண்டு கேமராவையும் பாதையின் உயரத்துக்கு இறக்கச் சொன்னார்.

5. பச்சைக்குப் பிறகு ஊதா

புடவையை நீளவாக்கில் நான்காக மடித்து வைக்கோல் மேல் போட்டார்கள். தடிமனுக்காகக் குறுக்கேயும் இரண்டாக மடித்ததில் பதினெட்டு அடிப் புடவை ஒன்பது அடியானது, பதினொன்றும் சேர்ந்தாலும் பாதைக்குப் போதாது. ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட ஆளுக்கு நேரமும் வேண்டும். ஆகவே ஒரு நேரத்தில் பாதையில் ஆறு புடவை, கையில் ஐந்து. நான் வரிசை எழுதிக்கொண்டேன்: பச்சை, மஞ்சள், நீலப் பூப்போட்டது, அரக்கு, ஊதா, வெள்ளையில் சிவப்புக் கட்டம்... என்று பதினொன்று. அதே வரிசையில்தான் போட வேண்டும், மாறினால் எடிட்டில் ஒட்டாது என்று மூன்று முறை சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

டேக் ஆரம்பித்தது. செண்பகவல்லி அம்மா முதல் புடவையில் கால் வைத்தார். எழுதிக் கொடுத்த நடையே வேறு. வேகமாக, விறைப்பாக நடக்க வேண்டும். அவர் நடந்தது அப்படி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து, விரித்தவளைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டு நடந்தார்.

இருபதாவது அடியில் வரிசை போய்விட்டது. யார் வேகமாக ஓடினாளோ அவள் புடவை முன்னால் விழுந்தது.

"பச்சைக்கு அப்புறம் மஞ்சள்மா! மஞ்சள்! ஊதா இப்ப இல்ல!" என்று ஓரமாக ஓடிக்கொண்டே கத்தினேன். ஒலிப்பதிவில் என் குரல் விழுந்தது. பிறகு அதை எடுக்க எடிட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனதாம். "அய்யா கோலம் போடறாரு" என்று ஒருத்தி சிரித்தாள். நான் நோட்டில் ஊதா என்று எழுதி அடித்து, மறுபடி ஊதா என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. அம்மாவின் வலது கால் புடவையின் விளிம்பைத் தாண்டிச் சரளைப் பக்கம் இறங்கியது. நான் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலமேலு பார்த்தாள். விழுந்தடித்து வந்து, உள்ளங்கையைக் குதிகாலுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

குதிகால் அந்தக் கைமேல் நின்றது. கல் கைக்குக் கீழே.

"பாத்து வா ஆயா" என்றாள் அலமேலு. அந்த வசனம் எவர் தாளிலும் இல்லை.

செண்பகவல்லி அம்மா குனிந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "வலிக்குதாடி?" அதுவும் எவர் தாளிலும் இல்லை.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. நீ நட."

எனக்குப் பின்னால் டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் கட் சொல்லவில்லை. குடிசை வாசல் வரை எடுத்தார்கள். மொத்தம் நான்கு நிமிடம் பத்து நொடி. ஒரே டேக்.

முடிந்ததும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்த்தேன். இடது: கீறல் இல்லை. வலது: கீறல் இல்லை. பத்து விரல் இடுக்கிலும் பார்த்தேன்.

"எண்ணி முடிச்சாச்சா, கணக்குப்பிள்ளை?" என்றார்.

"இன்னொரு தடவை பார்த்துடறேம்மா."

அலமேலுவின் உள்ளங்கையில்தான் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

6. மிச்சம்

வியாழக்கிழமை ஒளிபரப்பானது. ஊதாப் புடவை அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. இன்றைக்கும் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். அடுத்த நாள் சேனலுக்கு நிறையப் பேர் போன் செய்தார்கள் என்று கேட்டு, ஊதா விஷயம்தான் என்று நினைத்து, ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வைத்தேன். ஒருவர்கூட ஊதாவைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

சர்க்கரை விஷயம் வெள்ளிமலையில் முப்பத்தொரு பேருக்குத் தெரியும். முப்பத்தொரு பேரில் ஒருத்திகூட வெளியே விடவில்லை. சேனலில் அந்த மாற்று நடிகையின் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அட்டை வரவில்லை. செண்பகவல்லி அம்மா 918-வது எபிசோடு வரை, தொடர் முடியும்வரை, வடிவாம்பாளாகவே இருந்தார். அதன் பிறகுதான், அவர் சம்மதத்தோடு, இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நோட்டு எழுதுங்கள், தவறாமல் எழுதுங்கள். விடுப்பில் போனால் திரும்பி வந்து அந்த நாட்களின் எபிசோடைப் போட்டுப் பாருங்கள். படப்பிடிப்பு இடத்தில் வேடிக்கை பார்க்க நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்களுக்கு உங்களைவிட அதிகம் தெரியும். வரிசை தப்பினால் தப்பட்டும், ஆளைப் பாருங்கள்.

சரளையில் கிழிந்த புடவைகளுக்கு மேனேஜர் வவுச்சர் போட மறுத்தார். பேப்பரில் இல்லாத பொருளுக்குப் பணம் கிடையாதாம். தவறு என் நோட்டில் இருந்தது, ஆகவே நானே கள்ளக்குறிச்சியில் பதினொரு புதுப் புடவை வாங்கி, எலவனாசூர்கோட்டை ஏழுமலையின் ஜீப்பை அமர்த்திக்கொண்டு மறுபடி மலை ஏறினேன். விட்டுப்போன துண்டை மறுபடி எடுக்கிற பேட்ச் ஒர்க் வந்தால் உதவும் என்று பழையதைத் திருப்பிக் கேட்டேன். புதியதை வாங்கிக்கொண்டார்கள். பழையதைக் கொடுக்கவில்லை.

"அம்மா நடந்த பொடவைய எவனா குடுப்பானா?" என்றாள் அலமேலு. அவள் புடவைதான் ஊதா.

புடவை, ஒன்று 480 வீதம் பதினொன்றுக்கு 5,280. ஜீப் 700. அலமேலுவின் கைக்குக் களிம்பும் கட்டுத்துணியும் 65. அம்மாவின் காலுக்கு ஒன்றும் இல்லை. ஆக மொத்தம் ஆறாயிரத்து நாற்பத்தைந்து ரூபாய்.